பெரணியை ஸ்போரிலிருந்து வளர்ப்பது: பச்சைத் தகடு வருது, இலை வரல

லயத்துப்பூந்தொட்டி:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து வீடு, தகரக் கூரை. ரெண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவில் கொக்கோபீட் நிரப்பி, செம்பனை மரத்தில் தொங்குற பெரணியோட பொடியையும் பறவைக்கூடு பெரணியோட பொடியையும் தூவி மூடி வச்சது. மூணாவது வாரமே பச்சை படர்ந்துடுச்சு. இப்போ அஞ்சு மாசம். இன்னும் அதே பச்சைத் தகடுதான், இலை ஒண்ணுகூட இல்ல. டப்பா முழுக்க இடைவெளியே இல்லாம நெருங்கி நிக்குது. ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை. மதியத்தில் அறைச் சூடு 34 டிகிரி. எங்கே தப்பு?
இன்னொரு கேள்வி: இணையக் கடையில் "கடினப் பெரணி விதை"ன்னு பாக்கெட் விக்கிறாங்க. நம்ம ஊருக்கு ஆகுமா?

செம்பனைநிழல்:
முதல்ல அந்தப் பச்சைத் தகடு என்னன்னு பார்த்துடுங்க. மூணு விதமா இருக்கலாம்.

பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது இதய வடிவம், மேல் பக்கம் நடுவில் ஒரு வெட்டு, தகடு கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிசு, அடியில் நடுப்பகுதியில் மட்டும் பழுப்பு மயிர்வேர் என்றால் அதுதான் புரோதாலஸ். நீங்க தூவின பொடி, அதாவது ஸ்போர், முளைத்து வரும் முதல் தலைமுறை. பெரணி என்று நமக்குத் தெரிந்த செடி இரண்டாவது தலைமுறை, இந்தத் தகட்டின் மேலே கருவுற்ற பிறகுதான் வரும். இந்த இரு தலைமுறைச் சுற்றை ஹோஃப்மைஸ்டர் 1851-ல் தெளிவாக எழுதி வைத்தார்.

தகடு தடியாக, நாடா போல இரண்டிரண்டாகக் கிளைத்து, மேலே சின்னக் கிண்ணங்கள் இருந்தால் அது மார்க்கான்ஷியா, ஈரல்பாசி. எத்தனை வருஷம் காத்திருந்தாலும் அதில் பெரணி வராது. நிமிர்ந்த தண்டில் பொடி இலைகள் சுற்றி இருந்தால் சாதாரண மரப்பாசி.

கிண்ணம் இருக்கா, இல்லையா?

லயத்துப்பூந்தொட்டி:
கிண்ணம் இல்ல அண்ணே. தகடு மெல்லிசுதான். ஆனா இதய வடிவம் மாதிரி தெரியல, நீளமா நாக்கு மாதிரி நிமிர்ந்து நிக்குது.

செம்பனைநிழல்:
அப்போ நோய் பிடிபட்டது. தூவல் அளவுக்கு மேலே போயிருக்கு.

புரோதாலஸுக்குப் படுத்து விரிய இடம் கிடைத்தால் இதயமாக வளரும். ஆண் உறுப்பு, பெண் உறுப்பு இரண்டும் அதில் உருவாகும். நெருக்கினால் நாக்குப் போல மேலே எழும்பி, பெரும்பாலும் ஆண் உறுப்பு மட்டும் வைக்கும். பெண் உறுப்பு இதயத்தின் வெட்டுக்குப் பின்னால் இருக்கும் தடித்த மெத்தையில்தான் உருவாகிறது. நாக்கு வடிவத்தில் அந்த மெத்தையே கிடையாது. போதாக்குறைக்கு, பல பெரணிகளில் முதலில் முதிர்ந்த தகடுகள் ஆன்தெரிடியோஜென் என்ற பொருளைச் சுரக்கும். அது சுற்றியிருக்கிற இளம் தகடுகளை ஆணாக மாற்றிவிடும். செராட்டாப்டெரிஸ், லைகோடியம் இரண்டிலும் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கு. டப்பா முழுக்க ஆண் என்றால் இலை எங்கிருந்து வரும்?

கணக்குப் போட்டுப் பாருங்க. உங்க டப்பாவின் மேல்பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 ஸ்போர் தாராளம். மொத்தம் 4,000. பெரும்பாலான பெரணிகளில் ஒரு ஸ்போர்ப்பையில் 64 ஸ்போர் இருக்கும். ஆக 63 பைகள். செம்பனைப் பெரணி இலையின் அடியில் இருக்கிற பழுப்புப் புள்ளி ஒவ்வொன்றிலும் பல பைகள் கூட்டமாக இருப்பதால், சில புள்ளிகளிலிருந்து கொட்டும் பொடியே ஒரு டப்பாவுக்குப் போதும். ஒரு மட்டை முழுக்கத் தட்டிக் கொட்டினால் எத்தனையோ டப்பாவுக்கான ஸ்போரை ஒரே டப்பாவில் போட்ட மாதிரி.

கிந்தாக்கல்:
இரண்டாவது கேள்விக்கு.

பெரணிக்கு விதையே கிடையாது. பாக்கெட்டில் கடுகு அளவுக்கோ எள் அளவுக்கோ உருண்டைகள் இருந்தால் அது வேறு ஏதோ செடி, காசு வீண். உண்மையான ஸ்போர் காபித்தூளை விட நைஸ், விரலில் ஒட்டினால் கறை மாதிரி தெரியும்.

அடுத்தது "கடினம்" என்ற சொல். குளிர் நாட்டார் அப்படிச் சொன்னால் பனி உறைவைத் தாங்கும் என்று பொருள். டிரையாப்டெரிஸ் ஃபிலிக்ஸ்-மாஸ், அத்தீரியம், பாலிஸ்டிக்கம் எல்லாம் அந்த வகை. இவற்றின் ஸ்போர் நம்ம டப்பாவிலும் முளைக்கும், இலையும் விடும். சிக்கல் பிறகுதான். குளிர்கால ஓய்வு எடுத்துப் பழகிய செடி, ராத்திரிகூட 23 டிகிரிக்குக் கீழே இறங்காத இடத்தில் மெலிந்துகொண்டே போகும். தீக்கோழிப் பெரணி என்று விற்கும் மட்டெயூசியாவுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அதன் ஸ்போர் பச்சை நிறம், உயிர் குறுகிய காலம்தான். கப்பலில் வந்து சேரும்போது பெரும்பாலும் செத்திருக்கும். ஆஸ்மண்டாவும் அப்படியே.

வெளிநாட்டிலிருந்து தாவரப் பொருள் வரவழைக்க மலேசியாவின் 1976-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைக் காப்புச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நம்ம ஊரில் கடினம் என்றால் வெயில், வெப்பம், நடுவில் பத்து நாள் வறட்சி, இந்த மூன்றையும் தாங்குவது. அதற்கு வாசலிலேயே ஆள் இருக்கு. செம்பனை மட்டை அடியில் வளரும் நெஃப்ரோலெப்பிஸ் பைசெரேட்டா. மலாயில் லங்சுயார் என்று சொல்கிற பறவைக்கூடு. பழைய சுண்ணாம்புச் சுவரிலும் கால்வாய் ஓரச் சிமெண்டிலும் முளைக்கும் டெரிஸ் விட்டேட்டா. அடியில் வெள்ளி பூசின மாதிரி இருக்கும் பிட்டிரோகிராமா. முதல் முயற்சிக்கு என் பரிந்துரை டெரிஸ் விட்டேட்டா. சீக்கிரம் முளைக்கும், சுண்ணாம்பு இருந்தால் போதும், வெயிலுக்கு அஞ்சாது. ஒரு எச்சரிக்கை: மண்ணில் இருக்கும் ஆர்செனிக்கை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும் செடி இது, 2001-ல் கண்டுபிடித்தார்கள். பழைய ஈயச் சுரங்க மண்ணில் வளர்ந்ததை ஆடு மாட்டுக்குப் போடாதீங்க, உரக்குழியிலும் சேர்க்காதீங்க.

நுண்ணோக்கி:
ஸ்போர் எடுப்பதில்தான் பாதித் தோல்வி. யாரும் இதை விரிவாக எழுதாததால் எழுதுகிறேன்.

எந்த மட்டை என்பது முக்கியம். நெஃப்ரோலெப்பிஸில் புள்ளி வட்டமாக இருக்கும், மேலே சின்ன மூடி. மூடி வெளிர் பச்சையாக இருந்தால் காய், பழுப்பாகி ஓரம் தூக்கியிருந்தால் சரியான பக்குவம், புள்ளி கிழிந்த பஞ்சு மாதிரி இருந்தால் ஸ்போர் பறந்துவிட்டது. பறவைக்கூட்டில் புள்ளி கிடையாது. நடுநரம்பிலிருந்து ஓரத்தை நோக்கிச் சாய்வாகக் கோடு கோடாக, இலையின் மேல்பாதியில் இருக்கும். டெரிஸில் இலை ஓரமே உள்ளே மடிந்து, அந்த மடிப்புக்குள்ளே தொடர் கோடு. மான்கொம்புப் பெரணியில், பிளாட்டிசீரியம் கொரோனாரியத்தைச் சொல்கிறேன், கொம்பு கவையாகும் இடத்தில் காது மாதிரி தனி மடல் தொங்கும், ஸ்போர் எல்லாம் அதில்தான். பிட்டிரோகிராமாவின் வெள்ளைப் பொடி ஸ்போர் இல்லை, அது இலை சுரக்கும் மெழுகுப் பூச்சு. பிள்ளைகள் கையில் அச்சுக் குத்துவது அந்தப் பொடியைத்தான். ஸ்போர் அதற்குள்ளே நரம்பை ஒட்டிக் கறுப்பாக இருக்கும். வெள்ளையைத் தூவி விட்டுக் காத்திருந்தால் ஒன்றும் வராது.

மட்டையை வெட்டியதும் குழாய்த் தண்ணீரில் இரண்டு பக்கமும் கழுவுங்கள். செம்பனைத் தோட்டம் பக்கத்தில் இருக்கும் ஊரில் காற்றே நெஃப்ரோலெப்பிஸ் ஸ்போர்தான். பறவைக்கூடு இலை மேலே அது படிந்திருக்கும். கழுவாமல் எடுத்தால் எதைத் தூவினாலும் கடைசியில் செம்பனைப் பெரணியே முளைக்கும். கழுவி, துணியில் ஒற்றி, ஒரு மணி நேரம் நிழலில் உலர்த்தி, ஸ்போர்ப் பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் வைத்து, மேலே இன்னொரு தாள் மூடி, மின்விசிறிக் காற்றுப் படாத இடத்தில் 24 முதல் 48 மணி நேரம் விடுங்கள். ஈரமான மழை நாளில் பை திறக்காது. பையைச் சுற்றியிருக்கும் தடித்த வளையம் காய்ந்து பின்னால் வளைந்து, சட்டென்று திரும்பி ஸ்போரை வீசுகிறது. வளையம் காய்ந்தால்தான் வீச்சு. மழைக்காலத்தில் மட்டையைப் பெரிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் நடக்கும். வெயிலில் மட்டும் வைக்காதீர்கள்.

தாளில் விழுந்தது முழுக்க ஸ்போர் இல்லை. உடைந்த பைத் துகள், மூடித் துகள் எல்லாம் கலந்திருக்கும். பூஞ்சை பிடிப்பது அந்தக் குப்பையில்தான். தாளை லேசாகச் சாய்த்து விரலால் மெதுவாகத் தட்டுங்கள். குப்பை உருண்டு ஓடிவிடும், ஸ்போர் தாளோடு ஒட்டி நின்று வண்ணப் படிவு மாதிரி தெரியும். மூன்று நான்கு தடவை தட்டிக் குப்பையை ஒதுக்கிய பிறகு, மிச்சத்தைத் தாளை மடித்து நடுக் கோட்டுக்குக் கொண்டு வாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் ஒரே அளவுத் தூளாகத் தெரிந்தால் ஸ்போர், கந்தல் கந்தலாகப் பொன்னிறமாகத் தெரிந்தால் குப்பை.

சேமிக்க: தாள் உறை, அதை இறுக்கமான புட்டியில் சிலிக்கா ஜெல்லோடு, குளிர்பெட்டியின் கீழ்த் தட்டில். பிளாஸ்டிக் பையில் நேராகப் போட்டால் நிலைமின்சாரத்தில் பக்கங்களில் ஒட்டிக்கொண்டு எடுக்கவே வராது. பெயரும் தேதியும் அன்றைக்கே எழுதுங்கள்.

கிந்தாக்கல்:
கழுவும் விஷயம் நூற்றுக்கு நூறு. கூடவே ஒன்று: களைக்கொல்லி அடித்த வரிசையில் மட்டை எடுக்காதீங்க. மேலே பச்சையாக இருந்தாலும் ஸ்போர் சரியாக முதிராமல் போயிருக்கலாம்.

மழைக்குடுவை:
ஊடகம், அதாவது ஸ்போர் தூவுகிற கலவை பற்றி. கடையில் வாங்கும் கொக்கோபீட் கட்டியில் உப்பு இருக்கும். வாளியில் ஊற வைத்துப் பிழிந்து, மூன்று தடவையாவது தண்ணீர் மாற்றுங்க. சாயத் தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்திலிருந்து வைக்கோல் நிறத்துக்கு வரணும். அதில் இரண்டு பங்கு, கழுவின ஆற்றுமணல் அல்லது பெர்லைட் ஒரு பங்கு. மூன்று சென்டிமீட்டர் ஆழம் போதும். மேலே அரை சென்டிமீட்டர் மட்டும் தேத்தண்ணீர் வடிகட்டியில் சலித்துப் போடுங்க. மேடு பள்ளம் இருந்தால் பள்ளத்தில் தண்ணீர் நின்று பாசி பிடிக்கும்.

டெரிஸுக்கு என்றால் ஒரு லிட்டர் ஊடகத்துக்கு அரைத் தேக்கரண்டி ஜி.எம்.எல். தோட்டத்தில் செம்பனைக்குப் போடுகிற அதே சுண்ணாம்புத் தூள்தான். பறவைக்கூட்டுக்கும் நெஃப்ரோலெப்பிஸுக்கும் அது வேண்டாம்.

கிருமி நீக்க இட்லிச் சட்டி நல்லது. ஈரமான ஊடகத்தைத் துணியில் கட்டி 45 நிமிடம் ஆவியில். பிரஷர் குக்கர் இருந்தால் 30 நிமிடம். வெந்நீர் ஊற்றினால் மட்டும் போதும் என்பார்கள். மேல்பரப்புக்குப் போதும், அடியில் இருக்கும் பூஞ்சைக் கொசுவின் முட்டைக்குப் போதாது. ஆவி எடுத்ததும் வெந்நீரில் கழுவிய டப்பாவுக்கு மாற்றி உடனே மூடி, ராத்திரி முழுக்க ஆற விடுங்க. சூடு ஆறாமல் தூவினால் ஸ்போர் வெந்துவிடும், இது அடிக்கடி நடக்கிற தப்பு.

கையளவு எடுத்துப் பிழிந்தால் ஒரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. அதுதான் ஈரத்தின் அளவு.

செம்பனை மட்டை அடியில் சேர்கிற கறுப்பு மக்கை எடுத்துப் போடலாமான்னு சிலர் கேட்பாங்க. வளர்ந்த செடிக்கு அருமையான உரம். ஸ்போர் டப்பாவுக்கு வேண்டாம், அதில் அடுத்தவன் ஸ்போர் லட்சக்கணக்கில் கிடக்கும்.

பழையசெங்கல்:
எல்லாரும் டப்பாவையே சொல்றீங்க. சுட்ட செங்கல் முறையை விட்டுட்டீங்க. பூச்சு இல்லாத பழைய செங்கல்லை ஒரு நாள் ஊற வச்சு, கொதிக்கிற தண்ணியில் 20 நிமிஷம் போட்டு எடுத்து, தட்டில் இரண்டு சென்டிமீட்டர் தண்ணி ஊத்தி நிறுத்தி, மேல் முகத்தில் ஸ்போர் தூவி, கண்ணாடிப் புட்டியைக் கவிழ்த்துடலாம். செங்கல் தேவையான ஈரத்தை மட்டும் தானா மேலே ஏத்திக்கும். அதிக ஈரம், குறைஞ்ச ஈரம்ங்கிற சிக்கலே இல்ல. செங்கல்லில் மக்குற பொருள் இல்லாததால பூஞ்சையும் குறைவு. இன்னொரு நன்மை, ஆவியாகும்போது செங்கல் குளிர்ச்சியா இருக்கும்.

மழைக்குடுவை:
புட்டி கவிழ்த்த பிறகு உள்ளே ஈரப்பதம் நிறைந்துவிடும், ஆவியாகாது, அதனால் குளிர்ச்சி கணக்கில் வராது. மற்றபடி செங்கல் முறை டெரிஸுக்கும் அடியான்டத்துக்கும் நன்றாகப் போகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பறவைக்கூட்டுக்கு ஒத்து வராது. அது மெதுவாக வளரும், செங்கல்லில் சத்து இல்லை, தகட்டைச் செங்கல்லிலிருந்து உரிக்கும்போது மயிர்வேர் அறுந்துவிடும்.

பழையசெங்கல்:
உரிக்க வேண்டாம், சிறு செங்கல் துண்டில் தூவுங்க. துண்டோடவே தொட்டியில் புதைச்சுடலாம். சத்துக்கு, பிஞ்சு இலை வந்ததும் தட்டுத் தண்ணியில் திரவ உரம் எட்டில் ஒரு பங்கு அடர்த்தியில் ஊத்தினாப் போதும். குளிர்ச்சி பத்திச் சொன்னது சரி, தட்டுல நிக்கிற தண்ணி வெளியே ஆவியாகிற அளவுக்குத்தான் பலன்.

செம்பனைநிழல்:
தூவும் முறையைச் சொல்லிடுறேன். மடித்த தாளை டப்பாவுக்கு 15 சென்டிமீட்டர் மேலே பிடித்து, பல்குத்தியால் தாளின் முதுகைத் தட்டிக்கொண்டே ஒரு முறை மட்டும் நகர்த்துங்க. கண்ணுக்குப் படிவு தெரிந்தால் அதிகம். மேலே மண் போடக் கூடாது, பெரும்பாலான ஸ்போருக்கு முளைக்க வெளிச்சம் வேணும். தூவின கையோட மூடி, விளிம்பில் ஒட்டுநாடா சுற்றி, மூணு மாசம் திறக்காமல் இருக்கணும். உள்ளே மூடியில் நீர்த்திவலை தெரிகிற வரைக்கும் தண்ணீர் தேவையில்லை.

ஒரே தாய்ச்செடியில் எடுக்காமல் இரண்டு மூன்று செடிகளின் ஸ்போரைக் கலந்து தூவுங்க. ஒரு தகடு தன்னைத்தானே கருவுறச் செய்தால் பிறப்பது இரண்டு பக்கமும் ஒரே மரபு. அதில் சில பிழைக்காது.

நுண்ணோக்கி:
சூடுதான் தகரக் கூரை வீட்டின் பெரிய எதிரி. முளைக்க 20 முதல் 28 டிகிரி நல்லது. 34-ல் பாசியும் பூஞ்சையும் முந்திக்கொள்ளும். மூடிய டப்பாவில் பத்து நிமிடம் நேர் வெயில் பட்டால் உள்ளே 45-ஐத் தாண்டும், எல்லாம் வெந்துவிடும்.

சூடான காற்று மேலே, குளிர்ந்தது கீழே. அலமாரி மேலே வைக்காமல் சிமெண்டுத் தரையில், சுவரோரம் வையுங்கள். அதற்கும் மேலே வேண்டுமென்றால் அகன்ற மண்சட்டியில் ஈர மணல் பரப்பி டப்பாவை அதில் பாதி புதைத்து வைக்கலாம், இங்கே ஆவியாதல் உண்மையாகவே வேலை செய்யும். சன்னல் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். நம்ம ஊர் நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வடக்கே இருப்பதால் ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை வெயில் வடக்குச் சன்னலில் சாயும், ஆண்டுக் கடைசியில் தெற்கில். இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து வாட் எல்.இ.டி. விளக்கு, 30 சென்டிமீட்டர் உயரம், 12 முதல் 14 மணி நேரம் என்றால் இந்தத் தலைவலி இல்லை.

லயத்துப்பூந்தொட்டி:
புரிஞ்சுது. இப்போ இருக்கிற டப்பாவைக் காப்பாத்த முடியுமா, கொட்டிடவா?

செம்பனைநிழல்:
கொட்டாதீங்க. புதுசா ஆவி எடுத்த டப்பா ஒண்ணு தயார் பண்ணுங்க. பூஞ்சை பிடித்த ஓரத்தை, அதைச் சுற்றி ஒரு சென்டிமீட்டரோட, கரண்டியால் அள்ளி வீசிடுங்க. பூஞ்சை படாத நடுப்பகுதியிலிருந்து அரை சென்டிமீட்டர் அளவு ஊடகத்தோடு சேர்த்துத் துண்டு துண்டா எடுத்து, புது டப்பாவில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் பதிச்சு லேசா அழுத்துங்க. நெருக்கம் விட்டதும் விளிம்பில் இருக்கிற தகடுகள் விரிஞ்சு இதயமாகும். ஆறு வாரம் பொறுங்க.

இதயம் ஆறேழு மில்லிமீட்டர் ஆனதும்தான் தண்ணீர் வேலை. ஆண் அணு நீந்தித்தான் பெண் உறுப்புக்குப் போகணும், தகட்டின் மேலும் கீழும் தண்ணீர்ப் படலம் இல்லாமல் கருவுறாது. கொதிக்க வச்சு ஆறின மழைத்தண்ணீரை நைஸ் தெளிப்பானில் நிரப்பி, தகடுகள் பளபளன்னு ஆகும் வரை தெளிச்சு மூடுங்க. வாரம் ஒரு தடவை, நாலு வாரம். குழாய்த் தண்ணீரில் குளோரின், சுண்ணாம்பு மலைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு. இரண்டும் இந்தக் கட்டத்தில் ஆகாது.

முதல் இலை பெரணி மாதிரியே இருக்காது. வெட்டில்லாத சின்ன விசிறி. அதைக் களை என்று பிடுங்கிடாதீங்க.

மழைக்குடுவை:
இலை வந்ததும் பிரிக்க அவசரப்பட வேண்டாம். செடிக்கு மூன்று இலையாவது, உயரம் இரண்டு சென்டிமீட்டராவது வரட்டும். நாலைந்து செடி சேர்ந்த கொத்தாக நடுங்க. தனித்தனியாகப் பிரித்தால் வேர் அறுந்து பாதி போகும். மூடியை ஒரே நாளில் எடுக்காமல், முதல் வாரம் ஒரு ஓரம் மட்டும் திறப்பு, பிறகு கால், பாதி என்று நாலு வாரம் எடுத்துக்கொண்டு திறங்க. ஓரம் கருகினால் இரண்டு நாள் பின்வாங்குங்க.

நெஃப்ரோலெப்பிஸ் வேகமாகத் தொட்டியை நிரப்பும், ஓடுகொடியும் விடும். பறவைக்கூட்டுக்கு ஒரு வருஷத்தில் உள்ளங்கை அளவு வந்தாலே நல்ல வளர்ச்சி.

பழையசெங்கல்:
கறுப்பா சின்னக் கொசு டப்பாவைச் சுத்திப் பறந்தா அது பூஞ்சைக் கொசு. புழு மயிர்வேரைத் தின்னும், தகடு அசைஞ்சா கழண்டு வரும். கொசுப்புழுவுக்குப் போடுற பி.டி.ஐ. தூளை ஆறின தண்ணியில் கரைச்சு, தெளிஞ்ச நீரைத் தெளிக்கலாம். எண்ணெய், சோப்பு எதுவும் தகட்டு மேல படக் கூடாது.

பூச்சோக் பாக்கு, அதாவது கொழுந்தைக் கீரையாச் சமைக்கிற பெரணி, அதுக்காக ஸ்போர் போடணும்னு நினைக்கிறவங்களுக்கு: வேண்டாம். வேரோரம் பக்கக்கன்னு விடும், அதைப் பெயர்த்து ஈரமான வாய்க்கால் ஓரத்தில் நட்டா சீக்கிரமே கொழுந்து கிள்ளலாம். கடையில் வாங்கின பாஸ்டன் பெரணியும் அப்படித்தான், அதன் ஸ்போரை நம்பாதீங்க, ஓடுகொடியில் வர்ற கன்னை எடுங்க.

லயத்துப்பூந்தொட்டி:
மான்கொம்பு பக்கத்து மரத்தில் இருக்கு, மடல் இன்னும் பச்சை. அதையும் போட ஆசை. நாளைக்கு ரெண்டு டப்பா ஆவி எடுக்கப் போறேன்.

நுண்ணோக்கி:
மடல் முழுக்கக் கரும்பழுப்பாகி, விரலால் தேய்த்தால் தூள் ஒட்டும்போது எடுங்கள். அதுவரை மரத்திலேயே இருக்கட்டும். இரண்டு டப்பா என்றீர்கள், மூன்றாக எடுங்கள். மூன்றாவதில் அதே ஊடகம், அதே ஈரம், ஸ்போர் மட்டும் தூவாமல் மூடி, மற்ற இரண்டின் பக்கத்திலேயே வையுங்கள். ஆறாவது வாரத்தில் அதிலும் பச்சை தெரிந்தால் ஆவி போதவில்லை அல்லது மூடும்போது காற்றில் வந்து விழுந்திருக்கிறது. அப்போது மற்ற இரண்டில் முளைத்ததையும் நீங்கள் தூவியதுதான் என்று நம்பிப் பெயர் எழுதி வைக்காதீர்கள்.